பூஜையில் வைத்த கிராஃபிக்ஸ் கார்டு

கத்தரிக்காய் வாங்கத் தெரிந்தவளுக்கு ஒரு கிராஃபிக்ஸ் கார்டு வாங்கத் தெரியாதா என்றுதான் நான் நினைத்தேன். சாலைக் கம்போளத்துச் சந்தையில் என் தலையைக் கண்டதுமே விலையைக் குறைத்துச் சொல்லிவிடும் கடைக்காரர்கள் உண்டு. என்னோடு வாய் கொடுத்து மாளாது என்று அவர்களுக்குத் தெரியும். குக்கரோ வாஷிங் மெஷினோ, எதுவானாலும் நாலு கடை ஏறி இறங்கி, எல்லாரையும் ஒரு வழி பண்ணிவிட்டுத்தான் வாங்குவேன். அப்படிப்பட்டவள் கம்ப்யூட்டருக்குள் சொருகும் ஒரு பலகையைக் கண்டா பயப்படுவேன்?

பலகை என்று சொன்னால் என் மகளுக்குப் பிடிக்காது. "அம்மா, அது கார்டு. கடைல வந்து பலகைன்னு சொல்லி மானத்தை வாங்காதே, கேட்டோ" என்பாள்.

அவளுக்குக் கல்லூரியில் அது கடைசி வருடம். அவளுடைய உயிர் மூச்செல்லாம் ஒரு துப்பாக்கி விளையாட்டில் இருந்தது. இந்தப் பக்கம் ஐந்து பேர், அந்தப் பக்கம் ஐந்து பேர், முழு நேரமும் டமால் டுமீல். இந்த மலையாள ஊரில், கரமனையில், எங்கள் தெரு வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருப்பவை. இவள் ஹெட்செட் மாட்டிக்கொண்டு மலையாளத்திலும் இங்கிலீஷிலும் கத்துவது நாலு வீட்டுக்குக் கேட்கும். நான் அந்த விளையாட்டை வெறுத்தேன். வாயில் வந்ததெல்லாம் சொல்லித் திட்டினேன். ஒரு தடவை வயரையே பிடுங்கிப் போட்டேன்.

பிறகு பெங்களூரில் பெண்கள் மட்டுமே இருக்கும் ஒரு அணி இவளைத் தேர்வு ஆட்டத்துக்குக் கூப்பிட்டது. வீட்டில் இருந்தபடியே ஆடிக் காட்ட வேண்டும், எடுத்துக்கொண்டால் சம்பளமும் தங்க இடமும் உண்டு என்றாள். நான் கழக்கூட்டத்தில் ஒரு மென்பொருள் கம்பெனியில் சம்பளப் பிரிவில் வேலை பார்ப்பவள். சம்பளம் என்ற வார்த்தை எனக்கு நன்றாகவே புரியும். அதற்கப்புறம் வயர் பக்கம் போகவில்லை.

அந்தத் தேர்வு ஆட்டத்தில்தான் எல்லாம் கெட்டது. நான் அடுக்களையில் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். அறைக்குள் இவள் "ஒன் செகண்ட்... ப்ளீஸ், ஒன் செகண்ட்" என்று யாரிடமோ கெஞ்சுவது கேட்டது. போய்ப் பார்த்தால் பழைய லேப்டாப்பில் படம் அப்படியே உறைந்து நின்றது. மறுபடி அசைந்தபோது இவளைச் சுட்டு, ஆட்டத்தையும் முடித்துவிட்டிருந்தார்கள்.

அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. ராத்திரி தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள், "நான் தோத்தேனா, லேப்டாப் தோத்துதா, அதுகூடத் தெரியலைம்மா. நான் நன்னா ஆடறவளா இல்லையா? அதைத்தான் தெரிஞ்சுக்கணும்னு இருந்தேன்" என்றாள். அந்தப் பேச்சு என் வயிற்றில் போய் உட்கார்ந்துகொண்டது.

அந்த அணிக்காரர்கள் நல்லவர்கள். இயந்திரத்தின் குற்றம் என்று புரிந்துகொண்டு இன்னொரு வாய்ப்புத் தந்தார்கள். விஜயதசமி அன்று மத்தியானம். அதோடு தேர்வு முடிகிறது, இனிமேல் கிடையாது என்றும் சொல்லிவிட்டார்கள். ஆகவே புதுக் கம்ப்யூட்டர் வாங்குவது என்று முடிவாயிற்று. என் கணவர் ஒரு அரசு அலுவலகத்தில் செக்‌ஷன் பார்ப்பவர். சட்டத்தில் இல்லாத ஒரு கையெழுத்தைப் போட்டதில்லை என்பதில் அவருக்கு மகா பெருமை. அவரே மறுபேச்சில்லாமல் தலையாட்டினார். ஒவ்வொரு சாமானாக வந்தது. மகள் கூடத்தில் பாயை விரித்து, ஸ்க்ரூ டிரைவரோடு உட்கார்ந்து தானே பூட்டினாள். கடைசியில் கார்டு ஒன்றுதான் பாக்கி. அது இல்லாமல் இந்தக் கம்ப்யூட்டரில் திரையில் ஒரு புள்ளிகூடத் தெரியாது என்றாள்.

அவள் பார்த்து வைத்திருந்தது டவுனில் ஒரு கடையில் இருந்த சின்னக் கார்டு. புதுசு, வாரண்டி உள்ளது, எட்டு ஜிபி, ரெண்டே ரெண்டு விசிறி. அதே நேரத்தில் என் ஆபீஸில் ஒருத்தி ஒரு சேதி சொன்னாள். கழக்கூட்டத்தில் ஒரு ஃப்ளாட்டில் இருக்கும் பையன் வளைகுடாவுக்கு வேலைக்குப் போகிறானாம், கார்டை விற்கிறானாம். பன்னிரண்டு ஜிபி, மூன்று விசிறி, முழங்கை நீளம். விலையோ அந்தச் சின்னதற்குச் சமம். சொல்லுங்கள், அதே விலைக்குப் பெரிசு கிடைக்கும்போது சின்னதை எவளாவது வாங்குவாளா?

"அம்மா, வேண்டாம்மா" என்றாள் மகள். "நம்ம மானிட்டருக்கு அவ்வளவு பெரிசு வேஸ்ட். எனக்கு இலையும் புல்லும் அழகாத் தெரிய வேண்டாம். நிக்காம ஓடினாப் போறும். யூஸ்டு கார்டுன்னா மைனிங்ல ஓடினதா இருக்கும், பின்னே."

மைனிங் என்றால் என்ன என்று விசாரித்தேன். இணையத்தில் காசு உண்டாக்குகிறேன் என்று சிலர் இந்தக் கார்டுகளை மாதக்கணக்கில் ராப்பகலாக ஓட விடுவார்களாம், அதில் அவை உள்ளுக்குள் வெந்து போகுமாம். பார்த்தால் வெளியே ஒன்றும் தெரியாதாம்.

"நான் பாத்து வாங்கறேன்டி. சொத்தையையும் நல்லதையும் எனக்குப் பிரிக்கத் தெரியாதா?"

"இது கத்தரிக்காய் இல்லைம்மா."

"எல்லாம் கத்தரிக்காய்தான்."

"சரி, உன் இஷ்டம்" என்று எழுந்து போய்விட்டாள். அவள் முகம் சரியில்லை என்று தெரிந்தும், ஜெயித்துவிட்டேன் என்ற குஷிதான் எனக்கு.

துர்காஷ்டமி அன்று ஆபீஸ் விட்டதும் நேரே அந்த ஃப்ளாட்டுக்குப் போனேன். பையன் பெட்டிகளுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தான். தன் கம்ப்யூட்டரைப் போட்டுக் கொஞ்ச நேரம் ஒரு கார் பந்தயம் ஓட்டிக் காட்டினான். படம் கண்ணாடி மாதிரி இருந்தது. மைனிங்கா என்று கேட்டதற்கு, "ஐயோ, இல்ல சேச்சி. கேம் களிக்கான் மாத்ரம்" என்றான். விளையாட மட்டும்தானாம், தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தான். நான் அதற்கு மேலும் விலையில் கொஞ்சம் கடித்தேன். அவனுக்குக் கிளம்பும் அவசரம், ஒத்துக்கொண்டான். பெட்டியைக் கையில் கொடுக்கும்போது, "எந்தெங்கிலும் ப்ரஸ்னம் உண்டெங்கில் நாளெத்தன்னெ பறயணம் சேச்சி. மற்றந்நாள் ராவிலெ எனிக்கு ஃப்ளைட்டாணு" என்றான்.

ஏதாவது கோளாறு என்றால் நாளைக்குள் சொல்ல வேண்டும், தசமி காலையில் அவன் விமானம் ஏறிவிடுவான். அவ்வளவுதானே? இன்றைக்கே வீட்டில் ஓட்டிப் பார்த்துவிடப் போகிறோம். சிரித்துக்கொண்டே கிளம்பினேன்.

நெடுஞ்சாலையில் பஸ் நகரவே இல்லை. மடியில் பெட்டியோடு உட்கார்ந்திருந்தேன். ஊரே பூஜைக்கு வீடு திரும்பிக்கொண்டிருந்தது. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை பாருங்கள்! வீட்டு வாசலில் கால் வைத்து, உள்ளே விளக்கும் கொலுவும் தெரிந்தபோதுதான் நெஞ்சில் சுருக்கென்றது.

இந்த ஊரில் அஷ்டமி சாயங்காலம் புத்தகங்களையும் தொழில் சாமான்களையும் சரஸ்வதிக்கு முன்னால் பூஜையில் வைப்பார்கள். வைத்தால் வைத்ததுதான். விஜயதசமி காலையில் பூஜையை எடுக்கும் வரை யாரும் அதைத் தொடக்கூடாது, படிக்கவும் கூடாது, எழுதவும் கூடாது. எங்கள் வீட்டில் என் கணவர் இருக்கும் வரை இதில் ஒரு நூலிழை பிசகாது. நான் நுழையும்போது கொலுப் படிக்குக் கீழே மகளின் பாடப் புத்தகங்கள், அவருடைய பேனா, என் கால்குலேட்டர், எல்லாம் அடுக்கி வைத்தாயிற்று. புதுக் கம்ப்யூட்டரின் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் பளிச்சென்று இருந்தன.

"இதானே பாக்கி? கொண்டா" என்று என் கையிலிருந்து பெட்டியை வாங்கிக்கொண்டு உள் அறைக்குப் போனார். கொஞ்ச நேரம் கழித்துச் சந்தனப் பொட்டோடு அதைக் கொண்டுவந்து கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் வைத்தார். நான் செருப்பைக் கழற்றிக் கால் அலம்பிவிட்டு வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

"ஏன்னா, அதை எடுத்துக் குடுங்கோ. ஒரு மணி நேரம் ஓட்டிப் பாத்துட்டுத் திருப்பி வெச்சுடறோம்."

"வெச்சாச்சு."

"இப்பத்தானே வெச்சேள்? அம்பாள் இன்னும் திரும்பிக்கூடப் பாத்திருக்க மாட்டா."

"வெச்சதைத் தொடப்படாது. தசமி கார்த்தால பூஜை எடுத்தப்பறம் தொடலாம்."

தசமி காலையில் அந்தப் பையன் விமானத்தில் இருப்பான், கார்டு கெட்டது என்றால் மாற்ற ஆள் கிடையாது, மத்தியானம் இவளுக்கு ஆட்டம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். சொல்லச் சொல்ல என் குரல் ஏறிக்கொண்டே போனது. அவர் ஆபீஸில் மனு கொடுக்க வந்தவர்களைப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்தார்.

"அந்தப் பையன் எங்க இருக்கான்னு சொன்னே?"

"ஆமாம், இப்பக் கேளுங்கோ! கழக்கூட்டத்துல, பெட்ரோல் பங்குக்குப் பின்னாடி, மஞ்சள் பெயின்ட் அடிச்ச ஃப்ளாட், ரெண்டாம் மாடி. போய்ப் பூ வெச்சுக் கும்பிட்டுட்டு வாங்கோ!"

"கத்தாதே. பூஜை வெச்ச எடம்."

"கத்துவேன். கொழந்தையோட வாழ்க்கைன்னா இது! உங்க சட்டத்துல அதுக்கு ஒரு செக்‌ஷன் கிடையாதா?"

அவர் திரிக்கு எண்ணெய் விட்டார். மகள் தூணில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள். அவளாவது அவரோடு சண்டை போடுவாள் என்று பார்த்தேன். "விடும்மா. வரது வரட்டும்" என்று மட்டும் சொன்னாள். அந்த வயதில் ஒரு பெண் அப்படிப் பேசினால் பெற்றவளுக்கு எப்படி இருக்கும்? இரண்டு பேரையும் அறையலாம் போல் இருந்தது எனக்கு.

மறுநாள் நவமி. யாரும் எதையும் படிக்கக்கூடாத நாள். கணவர் காலையில் குளித்து, திருநீறு இட்டுக்கொண்டு, குடையும் துணிப் பையுமாக, "கோயிலுக்குப் போயிட்டு வரேன்" என்று கிளம்பினார். போங்கள், நன்றாகப் போங்கள் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். நேற்றிலிருந்து அவரோடு பேச்சு இல்லை.

மத்தியானம் ஆயிற்று. சுண்டலைத் தாளித்து இறக்கினேன். அவர் வரவில்லை. கொலுவுக்கு முன்னால் அந்தப் பெட்டி சந்தனப் பொட்டோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. நாளைக் காலையில் அந்தப் பையன் போய்விடுவான். மகள் சொன்னது மாதிரி கார்டு உள்ளே வெந்ததாக இருந்தால்? ஆட்டத்தின் நடுவில் மறுபடி படம் நின்றுபோனால்? "ப்ளீஸ், ஒன் செகண்ட்" என்ற குரலை இன்னொரு தடவை கேட்க என்னால் முடியாது என்று தோன்றியது. அம்பாளுக்கும் ஒரு மனசு இருக்கும், அவளும் பெண்தானே என்று சொல்லிக்கொண்டு, மறுபடி ஒரு தடவை குளித்துவிட்டு வந்தேன்.

அந்தப் பெட்டியை எடுத்தேன். எடுத்த கை சட்டென்று மேலே போயிற்று. கனமே இல்லை. நேற்றுப் பஸ்ஸில் என் தொடை மரத்துப்போகிற அளவு கனத்த பெட்டி. திறந்து பார்த்தேன். கார்டு படுத்திருந்த பள்ளம் காலியாக இருந்தது.

பின்னால் சத்தம் கேட்டுத் திரும்பினால் மகள் நிற்கிறாள். அவள் கையில் ஸ்க்ரூ டிரைவர்.

"நீயா எடுத்தே?" என்றேன்.

"நீயா எடுத்தே?" என்றாள் அவளும், அதே மூச்சில்.

"நான் இப்பத்தான்டி எடுக்கவே வந்தேன்."

"நானும் அதுக்குத்தாம்மா வந்தேன்."

இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டு நின்றோம். வேறு நேரமாக இருந்தால் வயிறு வலிக்கச் சிரித்திருப்போம். யாராவது திருடிவிட்டார்களா? கொலு பார்க்க வந்தவர்களில் யாராவது? மகள் பெட்டியை வாங்கித் தலைகீழாகக் கவிழ்த்தாள். பள்ளத்தின் மூலையிலிருந்து ஒரு மஞ்சள் கிழங்கு தரையில் விழுந்து உருண்டது.

பூஜையில் காலிப் பெட்டி வைக்கக்கூடாது என்று மஞ்சள் கிழங்கு போட்டு வைக்கும் ஆள் இந்த வீட்டில் ஒருத்தர்தான் இருக்கிறார்.

அவருடைய நம்பருக்குப் போட்டேன். அலமாரி மேல் அவர் ஃபோன் அடித்தது. எடுத்துக்கொண்டு போகவே இல்லை. கோயில் என்றால் இதற்குள் வந்திருக்க வேண்டுமே என்று நினைக்கும்போதே எனக்கு நேற்று அவர் விலாசம் கேட்டது ஞாபகம் வந்தது. கழக்கூட்டத்துப் பையனைக் கூப்பிட்டேன்.

"அங்கிள் இவிடெ இரிப்புண்டல்லோ சேச்சி" என்றான் அவன். குரலில் ஒரு களைப்பு. "ராவிலெ வந்நதா. ஸ்க்ரீன் நோக்கிக்கொண்டு இரிக்கயா."

காலையில் போனவர் இன்னும் அங்கே உட்கார்ந்து திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாராம். "ஃபோனை அவரிடம் கொடு" என்றேன். கொடுத்தான். "வந்து சொல்றேன்" என்று ஒரே வார்த்தை, வைத்துவிட்டார். அந்த மனுஷனை என்ன செய்வது, சொல்லுங்கள்!

அப்புறம் நானும் மகளும் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். சுண்டல் ஆறிப்போயிற்று. வாசலில் செருப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவள் நிமிர்ந்து பார்த்தாள். விளக்கு வைக்கும் நேரத்தில்தான் அவர் வந்தார். கையில் குடையும் பையும் இருந்தன. பை தொளதொளவென்று தொங்கியது.

"கார்டு எங்கே?" என்றேன்.

கால் அலம்பினார். ஒரு சொம்புத் தண்ணீரை அப்படியே குடித்தார். அப்புறம் மகளைப் பார்த்துத்தான் சொன்னார்.

"அது சரியில்லை, கொழந்தே. திருப்பிக் குடுத்துட்டேன்."

அவருக்குக் கார்டைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. தெரிந்த ஒரே வித்தையைச் செய்திருக்கிறார். அந்தப் பையனின் கம்ப்யூட்டரிலேயே கார்டை மாட்டச் சொல்லி, "மோளோட ஆட்டம் எவ்வளவு நேரமோ, அவ்வளவு நேரம் இது ஓடணும். நேக்கு அவசரம் இல்லை" என்று நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். பையன் சோதனைக்கென்றே இருக்கும் ஒரு படத்தை ஓட விட்டிருக்கிறான். கொஞ்ச நேரம் ஆனதும், "மதி அங்கிள்", போதும் என்றானாம். இவர், "இரிக்கட்டே", இன்னும் ஓடட்டும் என்றாராம். பையன் பெட்டி கட்டினான், சாப்பிட்டான், வந்து பார்த்தான். இவர் பையில் கொண்டுபோயிருந்த வாழைப்பழத்தைத் தின்றுவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஃபைல் வருகிற வரைக்கும் காத்திருந்து பழகிய உடம்பு. மத்தியானம் தாண்டியதும் விசிறிகள் ஊளையிட ஆரம்பித்தனவாம். திரையில் குறுக்கே பச்சைப் பச்சையாகக் கோடு விழுந்து, படம் நின்றுவிட்டது. அணைத்துப் போட்டார்கள். மறுபடி ஓடிற்று, மறுபடி கோடு.

"அந்தப் பையனுக்கே தெரியலை, பாவம். அவனும் யார்கிட்டயோ பழசா வாங்கினதுதானாம். மொகம் செத்துப்போச்சு அவனுக்கு. பணத்தைத் திருப்பிக் குடுத்துட்டான்."

என் வாய் அடைத்துப்போன சந்தர்ப்பங்கள் குறைவு. அது அதில் ஒன்று. ஆனால் ரொம்ப நேரம் அடைத்திருக்கவும் அதற்குத் தெரியாது.

"அப்போ நேத்து எதுக்குன்னா என்னோட அப்படி மல்லுக்கட்டினேள்? வெச்சதைத் தொடப்படாதுன்னு சட்டம் பேசினேளே!"

"வெச்சதைத்தான் தொடப்படாது. நான் கார்டை வைக்கவே இல்லையே. பெட்டியைத்தான் வெச்சேன். பழசு வேண்டாம்னு கொழந்தை சொன்னாளே, அதான் முன்னாடியே எடுத்துட்டேன்."

"கார்டு எங்க இருந்தது?"

"உள் அறை அலமாரியில, என் வேஷ்டிக்கு அடியில."

மகள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? ராத்திரி பூரா நான் தூங்கலை, தெரியுமோ?"

அவர் தோளிலிருந்த துண்டை எடுத்து மடித்தார். மடித்ததை மறுபடி மடித்தார். "எப்படிச் சொன்னாலும் சரஸ்வதியை ஏமாத்தின மாதிரிதானே. சொன்னா மூணு பேருக்கும் தோஷம். நேக்கு மட்டும் இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்" என்றார்.

நான் அடுக்களைக்குள் போய்விட்டேன். அழுகை வந்தது. அவர் மேல் கோபமும் வந்தது, எனக்கு எல்லாம் சேர்ந்துதான் வரும். சுண்டலைத் திரும்பச் சூடு பண்ணி, தேங்காயை இன்னும் கொஞ்சம் தூவி, அவருக்கு முதலில் வைத்தேன்.

ஆனால் எங்களிடம் கார்டு இல்லை. விடிந்தால் தசமி, மத்தியானம் ஆட்டம். மகள் டவுன் கடைக்கு ஃபோன் செய்தாள். கடையும் பூஜையில் இருக்கிறது, நாளை பூஜை எடுத்தபின் திறப்போம், அந்தச் சின்னக் கார்டு கடைசியாக ஒன்று இருக்கிறது, அதுவும் விற்காமல் இருந்தால் கிடைக்கும் என்றார்கள்.

காலையில் பூஜை எடுத்தோம். தட்டில் அரிசியைப் பரப்பி ஆளுக்கு ஒரு அ எழுதினோம். மகள் எழுதிய அ கோணலாகப் போயிற்று. ஆட்டோ பிடித்தால் தெரு முழுக்கக் குழந்தைகள். எழுத்து அறிவிக்கப் பட்டுப் பாவாடையும் குட்டி வேஷ்டியுமாகக் கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். ஆட்டோ ஊர்ந்தது. மகள் வாட்சையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் டிரைவரைத் திட்டினேன், டிரைவர் முன்னால் போன காரைத் திட்டினார்.

கடையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பெட்டிகளை அதற்கு முன்னால் மலையாகக் குவித்திருந்தார்கள். முதலாளி கற்பூரம் காட்டி முடிக்கும் வரை நின்றோம். அந்தச் சின்னக் கார்டு இருந்தது. அதன் பெட்டியிலும் ஒரு சந்தனப் பொட்டு.

"இதினேக்காள் நல்லது ஒண்ணு உண்டு" என்று முதலாளி இன்னொரு பெரிய பெட்டியை மேஜை மேல் வைத்தார். "குறச்சுகூட இட்டால் மதி." கொஞ்சம் சேர்த்துப் போட்டால் போதுமாம். மூன்று விசிறி, அது இது என்று அடுக்கினார். எனக்கு நாக்கு நமநமவென்றது. இந்த ஆளை எப்படிக் கீழே கொண்டுவருவது என்று என் மூளை தானாகவே கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது. மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். சண்டைக்குத் தயாரான பார்வை இல்லை அது, இந்த அம்மா மறுபடி ஆரம்பித்துவிடுவாளோ என்ற பயம்.

"நீ சொல்லுடி. உனக்கு எது வேணும்?"

"சின்னது போறும்மா. என் கேபினெட்டுக்குள்ள இடிக்காம ஒக்காரும். பவர் சப்ளையும் தாங்கும். என் கேமுக்கு இதுவே தாராளம்."

"பின்னே என்ன? அதைக் குடுங்கோ" என்றேன் முதலாளியிடம். சொன்ன விலையை அப்படியே எடுத்து வைத்தேன். வாழ்க்கையில் முதல் தடவை. கை கொஞ்சம் வலித்தது.

வீட்டுக்கு வந்து கார்டைப் பூட்டி ஸ்விட்சைப் போட்டாள். விசிறி சுற்றிற்று, விளக்கு எரிந்தது, திரை மட்டும் கன்னங்கரேலென்று இருந்தது. அணைத்துப் போட்டாள். மறுபடியும் கறுப்பு. ஆட்டத்துக்கு நேரம் நெருங்கிவிட்டது. என் கணவர் சுவரோரம் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். தோஷம் வேலை செய்கிறது என்று அவர் நினைக்கிறார் என்பது முகத்திலேயே தெரிந்தது. மகள் கார்டைக் கழற்றினாள், துடைத்தாள், மாட்டினாள். அவள் மூக்கு நுனியில் வேர்வை. பிறகு திடீரென்று கம்ப்யூட்டரின் முதுகுப் பக்கம் தலையை விட்டு, "அய்யோ, மண்டூகம்!" என்று தன்னையே திட்டிக்கொண்டாள். அவசரத்தில் மானிட்டர் வயரைக் கார்டில் சொருகாமல், கம்ப்யூட்டரின் சொந்த ஓட்டையில் சொருகியிருக்கிறாள். மாற்றிச் சொருகினாள். திரை வெளிச்சமாயிற்று. எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

கதவைச் சாத்திக்கொண்டாள். நாங்கள் இரண்டு பேரும் வெளியே நின்றோம். உள்ளே அவள் குரல் ஓடிக்கொண்டே இருந்தது. இடது பக்கம் பார், பின்னால் வருகிறார்கள், நான் காவல் பார்க்கிறேன் என்று இங்கிலீஷில் மழை மாதிரி கொட்டினாள். நான் கதவில் காதை வைத்து ஒரே ஒரு வார்த்தைக்காகப் பயந்துகொண்டிருந்தேன். கணவர் என் புடவைத் தலைப்பின் நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தார். அதை அவர் கவனிக்கவில்லை.

"ஒன் செகண்ட்" வரவே இல்லை. ஒரு தடவைகூட வரவில்லை. கடைசியில் பேச்சு நின்றது. நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. கதவைத் திறந்துகொண்டு வந்தாள். கண் சிவந்திருந்தது.

"என்னாச்சு?"

"எடுக்கலைம்மா. என்னைவிட நன்னா ஆடற ரெண்டு பேர் இருந்தா. கடைசி ரவுண்டுல நான் தப்பான பக்கம் திரும்பிட்டேன்." மூக்கை உறிஞ்சினாள். உறிஞ்சியபடியே அவள் முகம் மெதுவாக மலர்ந்தது. "ஆனா கார்டு ஒரு எடத்துலகூட நிக்கலை, தெரியுமோ? இந்தத் தடவை தோத்தது நான்தாம்மா. நானேதான் தோத்தேன்!"

அவள் அப்பா ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தார். எனக்குப் புரிந்தது. அவள் தலையில் ஒரு குட்டு வைத்தேன்.

"தோத்துட்டு வந்து என்னடி சிரிப்பு? சுண்டல் இருக்கு. தின்னுட்டுப் போய் ப்ராக்டிஸ் பண்ணு!"